அமூர் வல்லூறும் பாங்டி ஊரும்

நாகாலாந்து மாநிலத்தின் வோக்கா மாவட்டத்தில், மலையின்மேல் அமைந்த சிற்றூர் பாங்டி. லோத்தா நாகர் என்னும் மக்கள் வாழும் ஊர் அது. ஊருக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கில், டோயாங் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையின் நீர் பரந்து கிடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அங்கு மீன்பிடிப் படகுகளைத் தவிர வேறு ஆரவாரம் இல்லை. ஆனால், அக்டோபர் மாதத்தின் நடுப்பகுதி வந்ததும் அவ்வானம் மாறிவிடுகிறது. மாலை வேளையில் வடகிழக்கிலிருந்து கரும்புள்ளிகள் போலச் சில பறவைகள் தோன்றுகின்றன. அடுத்தடுத்த நாள்களில் அவை நூறாகி, ஆயிரமாகி, இலட்சங்களாகப் பெருகுகின்றன. மரக்கிளைகளில் இடம் போதாமல், மின்கம்பிகளிலும் அவை நெருக்கமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். அப்பறவையின் பெயர் அமூர் வல்லூறு.

வல்லூறு என்றவுடன் பெரிய பறவை ஒன்று மனத்தில் தோன்றும். அமூர் வல்லூறு அவ்வாறானதன்று. அதன் எடை ஏறத்தாழ 150 கிராம், மாடப்புறாவைவிடக் குறைவு. ஆண்பறவை கருஞ்சாம்பல் நிறமுடையது. அது சிறகை விரிக்கும்போது அடிப்பகுதி வெண்மையாகத் தெரியும். பெண்பறவையின் வெளிர்நிற மார்பில் கருங்கோடுகளும் புள்ளிகளும் காணப்படும். இரண்டிற்கும் கால்கள் செம்மஞ்சள் நிறமானவை. உருசியாவுக்கும் சீனாவுக்கும் இடையே எல்லையாக ஓடும் அமூர் ஆற்றின் பெயரே இப்பறவைக்கு வழங்குகிறது. அவ்வாற்றுப் பகுதியிலும், வடகிழக்குச் சீனாவிலும், மங்கோலியாவின் ஒரு பகுதியிலும் இது கோடையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. தனக்கென்று கூடு கட்டும் வழக்கம் இதற்கு இல்லை. காக்கை இனப் பறவைகள் கைவிட்டுச் சென்ற பழைய கூடுகளைத் தன் வீடாக்கிக் கொள்கிறது.

செப்டம்பரில் அந்நாடுகளில் குளிர் தொடங்குகிறது. பூச்சிகள் குறைகின்றன. பூச்சிகளையே பெரிதும் உண்டு வாழும் அமூர் வல்லூறு அதன்பின் அங்கே தங்க இயலாது. ஆகவே, உணவு கிடைக்கும் வேறு நிலம் தேடிப் புறப்படுகிறது. பருவந்தோறும் பறவைகள் இவ்வாறு இடம்பெயர்ந்து செல்வதை ‘வலசை போதல்’ என்று தமிழில் கூறுவர். அமூர் வல்லூறின் வலசை எங்கே முடிகிறது என்பதே வியப்புக்குரியது. ஆசியாவின் வடகிழக்கு மூலையிலிருந்து புறப்படும் இப்பறவை, ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரை செல்கிறது. போகவும் வரவுமாக ஓராண்டில் அது கடக்கும் தொலைவு ஏறத்தாழ 22,000 கிலோமீட்டர்.

இந்நெடும்பயணத்தில் நாகாலாந்தும் அதன் அண்டைப் பகுதிகளான மணிப்பூர், அசாம் ஆகியவையும் தங்கிச் செல்லும் இடங்கள். மழைக்காலம் முடியும் அவ்வேளையில், மண்ணுக்குள்ளிருந்து இறகு முளைத்த கறையான்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறுகின்றன. இவற்றையே ஈசல் என்பர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மழைக்குப் பின் ஈசல் பிடித்து, வறுத்து, அரிசியோடு சேர்த்து உண்ணும் வழக்கம் உண்டு. தாத்தா பாட்டியைக் கேட்டால் அதன் சுவையைச் சொல்லக்கூடும். அமூர் வல்லூறுக்கும் ஈசலே விருந்து. பறந்தவாறே காலால் பற்றி, பறந்தவாறே உண்ணும். சில வாரங்கள் இவ்வாறு உண்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அக்கொழுப்பே அடுத்துவரும் பயணத்திற்கு எரிபொருள். நவம்பரில் புறப்படும் பறவைகள் வங்காள விரிகுடாவையும் இந்தியத் தீபகற்பத்தையும் குறுக்கே கடந்து, அரபிக்கடலை அடைகின்றன. மகாராட்டிரத்தில் உள்ள லோனாவாலா மலைப்பகுதியில் அவை சிறிது இளைப்பாறுவதைப் பறவை நோக்குவோர் ஆண்டுதோறும் காண்கின்றனர். அதன்பின் அமர்வதற்கு ஒரு கிளையும் இல்லை. 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலை இரவும் பகலும் இடைவிடாது பறந்தே கடக்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று பின்னிருந்து தள்ளி உதவுகிறது. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கித் தட்டான்களும் கடல் கடக்கின்றன. அவற்றை வல்லூறுகள் வழியிலேயே உணவாகக் கொள்ளக்கூடும் என்று அறிவியலாளர் சிலர் கருதுகின்றனர். நாகாலாந்தில் போதிய உணவு கிடைக்காத பறவைக்கு இக்கடல் எத்தகையதாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், டோயாங் பள்ளத்தாக்கின் சிறப்பு விளங்கும்.

அத்தகைய இடத்திலேதான் இப்பறவைகளுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. அதன் காரணத்தை அறிய, அணையின் கதையை முதலில் அறிய வேண்டும். டோயாங் நீர்மின் திட்டம் 2000ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கியது. மின்சாரம் கிடைத்தது, ஆனால், ஆற்றங்கரையில் இருந்த வளமான வயல்கள் நீரில் மூழ்கின. மலைச்சரிவில் பயிர் செய்து வாழ்வோருக்கு ஆற்றங்கரைச் சமநிலம் பொன்னைப் போன்றது. அதனை இழந்த பாங்டி ஊராரும் சுற்றியுள்ள ஊராரும் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கத் தொடங்கினர். அதற்கென வலைகள் வாங்கினர். அந்நீர்த்தேக்கத்தின் கரைக் காடுகளில் வல்லூறுகள் பெருந்திரளாக வந்து அடையலாயின. வேட்டை நாகர்களின் பழைய வாழ்க்கைமுறைகளுள் ஒன்று. கவணாலும் துப்பாக்கியாலும் சிலவற்றை வீழ்த்தி உண்டுவந்தவர்களுக்கு, மீன்வலையை மரங்களுக்கிடையே உயரமாகக் கட்டினால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பறவைகள் சிக்கும் என்பது விரைவில் புலப்பட்டது. பிடிபட்டவற்றைச் சந்தைக்குக் கொண்டுசென்று விற்றனர். அப்பணம் வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் பயன்பட்டது. வயலை இழந்தவர்களுக்கு வானிலிருந்து வந்த விளைச்சல் போல அது தோன்றியதில் வியப்பில்லை.

2012ஆம் ஆண்டு அக்டோபரில் இதழாளர் பானோ ஹராலுவும், இராம்கி ஸ்ரீனிவாசன், சஷாங்க் தல்வி, ரோகோஹெபி குவோட்சு ஆகிய இயற்கை ஆர்வலர்களும் அப்பள்ளத்தாக்கிற்குச் சென்றனர். அங்கே கண்டதைப் படம்பிடித்து உலகறியச் செய்தனர். வலைகளில் தலைகீழாகத் தொங்கிய பறவைகள், கொசுவலைகளுக்குள் உயிரோடு அடைக்கப்பட்ட பறவைகள், இறகு நீக்கிக் கட்டுக்கட்டாக எடுத்துச் செல்லப்பட்ட பறவைகள் ஆகியவற்றை அப்படங்கள் காட்டின. நாள்தோறும் 12,000 முதல் 14,000 வரையிலும், அப்பருவத்தில் மட்டும் 1,20,000 முதல் 1,40,000 வரையிலும் பறவைகள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டனர். பல நாடுகளிலிருந்தும் கண்டனங்கள் எழுந்தன.

சட்டம் அப்போதும் இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவ்வேட்டை குற்றமாகும். வலசை போகும் உயிரினங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1983ஆம் ஆண்டு முதல் உறுப்பு நாடு. ஆயினும், நாகாலாந்தில் சட்டத்தை மட்டும் கொண்டு காட்டைக் காத்துவிட இயலாது. அங்குள்ள காடுகளின் பெரும்பகுதி அரசுக்கு உரியதன்று. ஊர்களுக்கும் குலங்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியது. ஊரவை ஒப்பினால் ஒழிய எந்த விதியும் அங்கே வேரூன்றாது. வெளியிலிருந்து வந்த கண்டனக் குரல்கள் சிலவற்றில் ஊராரைக் கொடியவர்களாகச் சித்திரிக்கும் தன்மையும் இருந்தது. அது பயன் தரவில்லை. பயன் தந்தது வேறொன்று.

பானோ ஹராலுவும் அவருடன் பணியாற்றியோரும், வனத்துறையினரும், ஊர்ப் பெரியோரும், தேவாலயத்தினரும் வீடுவீடாகவும் கூட்டம்கூட்டமாகவும் பேசினர். இப்பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்பதை ஊரார் பலர் அதுவரை அறிந்திருக்கவில்லை. அது தங்கள் காட்டுப் பறவை என்றே எண்ணியிருந்தனர். சிறுவர்களுக்கெனப் பறவை வகுப்புகள் தொடங்கப்பட்டன. அமூர் ஆறு எங்கே, ஆப்பிரிக்கா எங்கே என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக் கற்ற பிள்ளைகள், வீட்டுக்குச் சென்று தந்தையரிடம் அதனைச் சொன்னார்கள். தொலைவிலிருந்து வந்து இளைப்பாறும் பறவை விருந்தினரைப் போன்றது என்னும் எண்ணம் பரவியது. விருந்தோம்பல் நாகர்களிடையே மிக உயர்வாகப் போற்றப்படும் பண்பாகும்.

2013ஆம் ஆண்டு பருவம் தொடங்குமுன் பாங்டி ஊரவை வேட்டைக்குத் தடை விதித்தது. அண்டை ஊர்களும் இணைந்தன. மீறுவோருக்குத் தண்டம் உண்டு என அறிவிக்கப்பட்டது. வலை கட்டியவர்களுள் சிலரே காவலர்களாகி, பறவைகள் அடையும் காட்டைச் சுற்றிவந்தனர். அவ்வாண்டு டோயாங்கில் வல்லூறு வேட்டை நிகழவில்லை. முந்தைய ஆண்டில் இலட்சத்துக்கு மேல் கொல்லப்பட்ட இடத்தில், ஓராண்டுக்குள் நேர்ந்த மாற்றம் இது. உலகில் இத்தகைய விரைவான மாற்றங்கள் அரிது.

அதே ஆண்டு நவம்பரில், இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அங்கேரி நாட்டு அறிஞர்களுடன் இணைந்து, மூன்று வல்லூறுகளைப் பிடித்து அவற்றின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தினர். அதன் எடை 5 கிராம். ஞாயிற்றின் ஒளியால் இயங்குவது. பறவை இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அது தெரிவிக்கும். ஆண்பறவைக்கு ‘நாகா’ என்றும், பெண்பறவைகளுக்கு ‘வோக்கா’, ‘பாங்டி’ என்றும் பெயரிட்டனர். இப்பெயர்சூட்டல் சிறிய செய்திபோல் தோன்றலாம். ஆனால், தம் ஊரின் பெயரைத் தாங்கிய பறவை அரபிக்கடலின்மீது பறந்துகொண்டிருக்கிறது, சோமாலியாவை அடைந்துவிட்டது, தென்னாப்பிரிக்காவில் ஈசல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று செய்தி வரும்போது, ஊராருக்கு அது வெறும் பறவையாக இருக்க முடியுமா? ‘வோக்கா’விடமிருந்து குறிகள் ஓராண்டு நிறையுமுன் நின்றுபோயின. ‘நாகா’வும் ‘பாங்டி’யும் கடல் கடந்து, பிறந்த நிலம் கண்டு, 2014ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் மீண்டும் நாகாலாந்துக்குத் திரும்பின. அவை சென்ற வழியையும் கடந்த நாள்களையும் அக்கருவிகள் தெரிவித்தன.

வேட்டையைக் கைவிட்டதால் இழப்பு ஏற்படவில்லை என்று கூறிவிட முடியாது. ஒரு பருவத்து வருவாய் முழுவதையும் குடும்பங்கள் துறந்தன. பறவை காண வருவோருக்குத் தங்கும் இல்லங்கள் அமைத்து ஈடுசெய்யலாம் என்னும் நம்பிக்கை இருந்தது. சிலர் அவ்வாறே இல்லம் அமைத்தும் வழிகாட்டியாகப் பணிபுரிந்தும் பொருள் ஈட்டுகின்றனர். ஆனால், பறவைகள் தங்குவது சில வாரங்களே. மலைச்சாலையில் பயணம் கடினம். ஆகவே, வருவோர் எண்ணிக்கையும் எதிர்பார்த்த அளவு உயரவில்லை. இவ்வளவு இருந்தும் ஊரவையின் தடை நீங்கவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

மற்ற இடங்களுக்கும் இம்முயற்சி பரவியது. நாகாலாந்தின் லோங்லெங் மாவட்டத்தில் யாவோங்கிம்சென் என்னும் ஊரார் தம் காட்டின் ஒரு பகுதியையே பறவைகளுக்கென ஒதுக்கினர். மணிப்பூரின் தமெங்லோங் மாவட்டத்திலும் வல்லூறுகளைக் காக்கும் பணி தொடங்கியது. அங்கே 2018ஆம் ஆண்டு நவம்பரில் ‘மணிப்பூர்’ எனப் பெயரிட்டுக் கருவி பொருத்தப்பட்ட பறவை, சில நாள்களிலேயே வேட்டைக்குப் பலியானது. அடுத்த ஆண்டும் அதே மாவட்டத்தில் பறவைகளுக்குக் கருவி பொருத்தப்பட்டது, அப்பணி நிற்கவில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வல்லூறுகள் நாகாலாந்தில் நெடுநாள் தங்குவதில்லை. குஞ்சு பொரிக்கும் காலம் நெருங்குவதால் வடக்கு நோக்கி விரைகின்றன. டோயாங் மக்கள் அவற்றை மீண்டும் காண அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை நீர்த்தேக்கத்தில் மீன்பிடித்தல் வழக்கம்போல் நடைபெறுகிறது. பருவம் வந்து பறவைகள் இறங்கும் மாலைகளில், மீனவர்கள் வலைகளைச் சுருட்டிப் படகில் வைத்துவிட்டுக் கரையேறுகின்றனர். அவர்களது தலைக்கு மேலே, முன்பு வலை கட்டிய அதே மரங்களில் வல்லூறுகள் அடைகின்றன.