ஒரு காப்பி, இரண்டு டம்ளர், நாலு நண்பர்கள்

மல்லேஸ்வரம் மார்கோசா ரோட்டில் 7-வது கிராஸ் முனைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்குப் போய்ப் பாருங்கள். ரேஷன் கடையோ என்று தோன்றும். அத்தனை கூட்டம்! நிற்பவர்கள் அரிசிக்கோ மண்ணெண்ணெய்க்கோ நிற்கவில்லை. தோசைக்கு நிற்கிறார்கள்.

1920-களில் சென்ட்ரல் டிபன் ரூம் என்ற பெயரில் தொடங்கிய ஓட்டல் அது. இப்போதைய பெயர் ஸ்ரீ சாகர். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் கொஞ்சம் யோசிப்பார். சி.டி.ஆர். என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். அங்கே பெயர் போனது பெண்ணெ மசாலா, அதாவது வெண்ணெய் மசால் தோசை. மேலே முறுகல், உள்ளே பஞ்சு, விரலெல்லாம் வெண்ணெய்.

அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு தாராளமாகக் காதில் விழும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீராமபுரம். மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் மூட்டை முடிச்சுடன் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர், யஷ்வந்த்பூரில் லாரி ஆபீஸ் கணக்கு எழுதுகிறவர், மெஜஸ்டிக்கில் துணிக்கடையில் நிற்கிறவர், வங்கியில் குமாஸ்தாவாக இருக்கிறவர் என்று நாலு பேர் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு வருவது மல்லேஸ்வரத்துக்குத்தான்.

நாலு பேருக்கும் நாலு விதச் சம்பளம். நட்பு மட்டும் ஒன்று. ஓட்டலில் இந்த இரண்டும் மோதிக் கொள்ளாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

பை டூ

ஊரிலிருந்து புதிதாக வந்தவர் முதலில் கற்றுக் கொள்ளும் கன்னடம் "பேக்கு", "பேடா" என்று சொல்வார்கள். வேண்டும், வேண்டாம் என்று அர்த்தம். அடுத்துக் கற்றுக் கொள்வது கன்னடமும் அல்ல, தமிழும் அல்ல. "பை டூ!"

"காப்பி பை டூ" என்று குரல் கொடுத்தால் சர்வர் ஒரு காப்பியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாகக் கொண்டு வந்து வைப்பார். பில் ஒரு காப்பிக்குத்தான். நாலு பேர் இருந்தால் "எரடு பை டூ". இரண்டு காப்பி, நாலு டம்ளர்.

நம் ஊரில் ஒரு காப்பி வாங்கிக் கொண்டு காலி டம்ளர் ஒன்று கேட்டுப் பாருங்கள். கேட்கிறவருக்கே குரல் இறங்கிவிடும். பெங்களூரில் அந்தக் கூச்சம் கிடையாது. கார் வைத்திருப்பவரும் பை டூ சொல்கிறார், சைக்கிளில் வந்தவரும் பை டூ சொல்கிறார். காசு இல்லாததால் பாதி குடிக்கிறாரா, போதும் என்று பாதி குடிக்கிறாரா என்று பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியாது. மாதக் கடைசியில் இந்த ஒரு சௌகரியம் எத்தனை பேர் மானத்தைக் காப்பாற்றி இருக்கிறது!

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. முழு காப்பி குடித்தால் ஒரு தடவை உட்காரலாம். பாதியாகக் குடித்தால், பேச்சு சூடு பிடித்ததும் இன்னொரு பை டூ சொல்லி மறுபடியும் உட்காரலாம். செலவு அதேதான்.

எல்லா ஓட்டல் முதலாளிகளும் இதை விரும்புகிறார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு டம்ளர் கழுவ வேண்டும், இரண்டு நாற்காலி அடைபடும், வருமானமோ ஒன்று. அதனால் சில இடங்களில் பை டூவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட வைக்கிறார்கள். சில இடங்களில் கிடையாது என்றே எழுதி ஒட்டி விடுகிறார்கள். அவர்கள் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. கர்நாடகத்தில் நந்தினி பால் விலையே 2025 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறிவிட்டது. பால் ஏறினால் காப்பி எப்படி இறங்கும்?

மாமா வந்திருக்கிறார்

டிபன் ரூமில் பில் ஒரு பிரச்சினையே அல்ல. ஒருவர் இட்லி, ஒருவர் காராபாத், ஒருவர் காராபாத்தும் கேசரிபாத்தும் ஒரே தட்டில் வரும் சௌசௌ பாத். அவரவர் தின்றது அவரவருக்குத் தெரியும். சில கூட்டாளிகள் முறை வைத்துக் கொள்கிறார்கள். இந்த வாரம் நீ, அடுத்த வாரம் நான். முதல் தேதிச் சம்பளக்காரர் முதல் வாரத்தை எடுத்துக் கொள்வார், வாரக் கூலி வாங்குகிறவர் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் எதுவாக இருந்தாலும் சரி என்பார்.

சிக்கல் வருவது சாயங்காலம்.

1980-களின் பிற்பகுதியில் பெங்களூருக்கு "பப் நகரம்" என்று இன்னொரு பெயர் வந்தது. எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, சர்ச் தெரு என்று தெருவுக்குத் தெரு பீப்பாய் பீரை மக்கில் பிடித்துக் கொடுக்கும் கடைகள் முளைத்தன. 2010-ல் இந்திரா நகரில் டாய்ட் வந்த பிறகு, பீரைக் கடையிலேயே காய்ச்சி ஊற்றும் இடங்களும் பெருகின. கோயிலும் சங்கீதமும் பூக்கடையும் என்று இருந்த மல்லேஸ்வரத்து இளைஞர்களும் நண்பர்களோடு அந்தப் பக்கம் கிளம்பினார்கள். குடிப்பது நல்லதா கெட்டதா என்ற விசாரணை இங்கே வேண்டாம். பில் வரும்போது நடப்பதைப் பார்ப்போம்.

ஆறு பேர் போகிறார்கள். ஒருவர் மூன்று மக். ஒருவர் கோழி வறுவல் இரண்டு பிளேட். ஒருவர் குடிப்பதில்லை, நண்பர்களுக்காக வந்தவர். எலுமிச்சை சோடாவும் வேர்க்கடலையும் அவர் கணக்கு. பில் வந்ததும் யாரோ ஒருவர் கைப்பேசியில் ஆறால் வகுத்து விடுகிறார். "ஆளுக்கு இவ்வளவு, அனுப்பிடுங்கப்பா." சோடா குடித்தவர் வாய் திறக்க முடியுமா? "அற்பன்" என்று பெயர் வராதா? கொடுத்து விடுகிறார். வீட்டு வாடகைக்கு வைத்திருந்ததில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

அடுத்த வாரம் கூப்பிட்டால், "ஊரிலிருந்து மாமா வந்திருக்கிறார்." அதற்கடுத்த வாரமும் மாமா. அந்த மாமா ஊருக்குத் திரும்புவதே இல்லை! நாலைந்து வாரம் போனால் கூப்பிடுவதும் நின்றுவிடும். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு சிநேகம் முடிந்தது.

உலகத்தில் இதற்கு ஊருக்கு ஒரு வழக்கம். ஜெர்மனியில் பில் கொண்டு வருகிறவரே, சேர்த்தா தனித்தனியா என்று கேட்டு விடுகிறார். தனித்தனி என்றால் ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டு வாங்கிக் கொண்டு போகிறார். வெட்கப்பட வேண்டியதில்லை. ஜப்பானில் "வாரிகன்" என்று சமமாகப் பிரிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. நமக்கோ, "நான் கொடுக்கிறேன்", "இல்லை, நான் கொடுக்கிறேன்" என்று கல்லாவில் மல்லுக்கட்டுவதுதான் மரியாதை. அந்த மல்லுக்கட்டு 100 ரூபாய் டிபனுக்குப் பொருந்தும். 6,000 ரூபாய் பில்லுக்குப் பொருந்துமா?

பை டூ வழக்கம் காப்பியோடு நிற்கவில்லை. பெங்களூரில் சூப்பும் பை டூ உண்டு. பீர் மக்குக்கு மட்டும் அது ஏனோ வரவில்லை.

எதிர் நாற்காலியில் யார்?

கூட்டமான டிபன் ரூமில் நாலு பேர் மேஜை முழுவதும் உங்களுக்கே கிடைக்காது. இரண்டு பேர் போனால் எதிரே முன்பின் தெரியாத இருவர் உட்காருவார்கள். யார், எந்த ஊர், எந்த ஜாதி என்று யாரும் கேட்பதில்லை. "சட்னி ஸ்வல்ப" என்று கிண்ணத்தை அவர் நம் பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான்.

இது தானாக வந்த பழக்கம் அல்ல. தென்னாட்டு ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்டோர் பலருக்கு வாசலோடு சரி. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் கூட அந்தத் தடுப்பு இருந்தது. அதை எதிர்த்துப் பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் கிளர்ச்சி செய்தார்கள். 1941-ல் ரயில்வே அந்தப் பிரிவினையை எடுத்தது. 1950-ல் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, ஓட்டலுக்குள் நுழைய விடாமல் ஜாதி மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. சென்னை திருவல்லிக்கேணியில் "பிராமணாள்" என்ற ஒரு வார்த்தையைப் பெயர்ப் பலகையிலிருந்து எடுக்கச் சொல்லி 1957-ல் நடந்த மறியலை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே எதிர் நாற்காலிக்காரர் யார் என்று தெரியாமல் தோசை தின்பது சின்ன விஷயம் அல்ல.

நாற்காலி போகிறது

மல்லேஸ்வரம் உருவானதே ஒரு கஷ்ட காலத்தில். 1898-ல் பெங்களூரை பிளேக் நோய் தாக்கியபோது, நெரிசலான பேட்டைகளை விட்டு ஜனங்கள் காற்றோட்டமாகக் குடியிருக்க வேண்டும் என்று திட்டமிட்டுப் போட்ட பேட்டை இது. அதனால்தான் அகலமான ரோடு, அளவெடுத்த கிராஸ். இன்று அந்த அகலமே அதற்குச் சத்துரு ஆகிவிட்டது. பழைய பஞ்சாலை இருந்த இடத்தில் 2010-ல் மந்திரி ஸ்கொயர் எழும்பியது. 2014-ல் அதன் வாசலுக்கே மெட்ரோ ரயில் வந்தது. மனை விலை எங்கேயோ போய்விட்டது.

சம்பிகெ ரோட்டில் 1954-ல் தொடங்கிய நியூ கிருஷ்ணா பவன் ஓட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. உடுப்பிப் பக்குவத்தில் பச்சை மசாலா இட்லி அங்கே விசேஷம். மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் பழைய வாடிக்கைக்காரர்கள் கடைசியாக ஒரு டிபன் சாப்பிடத் திரண்டு போனார்கள். அவர்கள் தேடிப் போனது இட்லியை மட்டுமா? இட்லிக்கு மல்லேஸ்வரத்தில் என்ன பஞ்சம்! 1977-லிருந்து மார்கோசா ரோடு 15-வது கிராஸ் பக்கம் வீணா ஸ்டோர்ஸ் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கு எதிரே ராகவேந்திரா ஸ்டோர்ஸ் இருக்கிறது. இட்லி இரண்டிலும் மல்லிகைப் பூதான். ஆனால் இரண்டிலும் தட்டைக் கையில் வாங்கிக் கொண்டு நின்றபடி, அல்லது திண்ணை ஓரம் கிடைத்தால் ஒண்டியபடி தின்ன வேண்டும்.

நின்று தின்னும் ஓட்டலுக்கு ஜயநகரில் 1983-ல் வந்த கபே தர்ஷினி வழி காட்டியது. முதலில் காசு, கையில் சீட்டு, சுடச்சுடப் பண்டம், பத்து நிமிஷத்தில் வெளியே. சர்வர் கிடையாது, டிப்ஸ் கிடையாது, விலையும் குறைவு. கையில் காசு குறைந்த தொழிலாளிக்கு இதைவிட வரப்பிரசாதம் கிடையாது என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும். அவசரமாக ஷிப்டுக்கு ஓடுகிறவருக்கு நாற்காலி எதற்கு?

ஆனால் நட்புக்கு நாற்காலி வேண்டியிருக்கிறது. ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் கடிகாரம் பூட்டிய கைகளுக்கு இன்று 70 வயது. மில்லில் இரவு பகலாக நின்றே வேலை பார்த்த கால்களுக்கு அதற்கும் மேல். அந்த வயதில் டம்ளரை ஒரு கையிலும் கைத்தடியை மறு கையிலும் பிடித்துக் கொண்டு உயர மேஜை ஓரத்தில் எத்தனை நேரம் நிற்பது? பேச வேண்டியதோ நிறைய இருக்கிறது. பேத்தி கல்யாணம், பென்ஷன் பாக்கி, ஊர் நிலத் தகராறு. பத்து நிமிஷத்தில் முடிகிற பேச்சா?

உட்கார்ந்து பேசலாம், ஆனால் ஒரு காப்பிக்கு 200 ரூபாய், 300 ரூபாய் என்கிற குளிர்பதனக் கடைகள் கிராஸுக்கு ஒன்று வந்திருக்கின்றன. அங்கே பை டூ கேட்கிற தைரியம் யாருக்கு உண்டு?

ஓட்டல்காரர்கள் நினைத்தால் வழி இல்லாமல் இல்லை. 1950-களில் காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளர்களே சேர்ந்து 1957 ஆகஸ்டில் இதே பெங்களூரில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஏ.கே. கோபாலன் அதற்குத் துணை நின்றார். 2009-ல் எம்.ஜி. ரோட்டில் இருந்த இடம் கையை விட்டுப் போனபோதும், சர்ச் தெருவில் நாற்காலிகளைப் போட்டுக் கடையைத் தொடர்ந்தார்கள். மல்லேஸ்வரத்தில் நின்று தின்னும் கடைகளும், காலை நெருக்கடி முடிந்த 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரையாவது வாசலில் நாலு பெஞ்சு போட்டால் வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடாது. நடைபாதையை அடைக்காமல் போட வேண்டும், அதுவும் உண்மை.

இப்போதைக்குச் சில பெரியவர்கள் தாங்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ரயில் நிலையத்து எதிரில் இட்லியைத் தின்றுவிட்டு, காப்பியைக் காகித டம்ளரில் பை டூவாக வாங்கிக் கொண்டு, மல்லேஸ்வரம் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்து விடுகிறார்கள். நிழல் இருக்கிறது, காற்று வருகிறது, எழுந்திரு என்று சொல்ல சர்வர் கிடையாது. யஷ்வந்த்பூர் பக்கமிருந்து வண்டி வந்தால் மட்டும் பேச்சை நிறுத்த வேண்டும், சத்தத்தில் கேட்காது.

ஒரே ஒரு விஷயம். பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய். பரிசோதகர் வந்தால் அதற்குப் பை டூ கிடையாது.