மூடி மிதக்கும், பாட்டில் மூழ்கும்

தண்ணீர் பாட்டில் காலியானதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டித் தரும்படி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பாட்டிலின் மூடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி எதுவும் ஒட்டியிராதபடி விரலால் நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். மூடி மேலே வந்துவிடும். பாட்டில் துண்டு அடியிலேயே கிடக்கும்.

இரண்டும் பிளாஸ்டிக்தானே, பிறகு ஏன் இப்படி? பாட்டில் ‘பெட்’ என்ற வகை. ஒரு கன சென்டிமீட்டர் பெட் சுமார் 1.38 கிராம் இருக்கும். அதே அளவு தண்ணீர் 1 கிராம்தான். மூடி பாலிஎத்திலீனாகவோ பாலிபுரொப்பிலீனாகவோ இருக்கும், அது 0.9 முதல் 0.96 கிராம் வரை. தண்ணீரைவிட அடர்த்தி கூடியது மூழ்குகிறது, குறைந்தது மிதக்கிறது. மறுசுழற்சி ஆலைகளிலும் பாட்டில்களைப் பொடியாக நறுக்கி, பெரிய தொட்டித் தண்ணீரில் கொட்டி, மிதப்பதைத் தனியே வழித்தெடுக்கிறார்கள்.

ஆனால் பிவிசி என்றொரு பிளாஸ்டிக் இருக்கிறது. அதுவும் பெட்டைப் போலவே மூழ்கும். தண்ணீரால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பெட்டை உருக்க 250 டிகிரி செல்சியசுக்குமேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை வெளிவிடும். அந்த வாயு பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடும். கொஞ்சம் பிவிசி கலந்தாலும் நல்ல பெட் நிறம் மாறி, வலுவிழந்து போகும்.

பாட்டிலின் அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் பெட், 3 என்றால் பிவிசி, 5 என்றால் பாலிபுரொப்பிலீன். 1988-ல் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. முக்கோணத்தைப் பார்த்தாலே ‘இது மறுசுழற்சி ஆகும்’ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அது என்ன பிளாஸ்டிக் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. அதை மறுசுழற்சி செய்யும் ஆலை உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. குப்பை விதிகள் ஊருக்கு ஊர் மாறுவதற்கு முக்கியமான காரணமே இதுதான்.

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே கண்ணாடிப் பாட்டில்களை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று நிறம் பார்த்து மூன்று தொட்டிகளில் போடுகிறார்கள். நீலப் பாட்டில் கையில் இருந்தால்? பச்சைத் தொட்டியில் போட வேண்டும். நிறமற்ற கண்ணாடியை உருக்கும்போது கொஞ்சம் நிறக் கண்ணாடி சேர்ந்தாலும் முழுதும் சாயமேறிவிடும். பச்சைக் கண்ணாடியோ வேறு நிறங்களை ஓரளவு தாங்கிக்கொள்ளும். சிங்கப்பூரில் முறையே வேறு. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாவற்றையும் ஒரே நீலத் தொட்டியில் சேர்த்துப் போடலாம், ஆலையில் பிரித்துக்கொள்வார்கள். ஆனால் உணவு மட்டும் ஒட்டியிருக்கக் கூடாது. அங்கே நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 சதவீதம் மறுசுழற்சிக்கு ஆகாமல் போகிறதாம். உணவும் திரவமும் பட்டுக் கெட்டுப்போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் ஊருக்கு வருவோம். வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று இந்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல் சொல்லின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு விளைவிக்கும் வீட்டுக் குப்பை. ஏன் வீட்டில்? ரவையில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்க ஒரு நொடி போதும். திரும்பப் பிரிக்க ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். குப்பையும் அப்படித்தான். உங்கள் வீட்டு அடுப்படியில் காய்கறித் தோல் தனியாக, பால் கவர் தனியாகத்தான் இருக்கின்றன. சேர்த்துப் போடுவது நாம்தான்.

சேர்ந்தால் என்ன கெடும்? பஜ்ஜி மடித்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கித்தான் புதுத் தாள் செய்கிறார்கள். கூழ் காயும்போது அதிலுள்ள நார்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நாரின்மேல் எண்ணெய் படிந்திருந்தால் அந்தப் பிடிப்பு கிடைக்காது. புதுத் தாளில் கறையும் ஓட்டையும் விழும். அதனால்தான் எண்ணெய்த் தாளைப் பழைய பேப்பர் கட்டோடு சேர்க்கக் கூடாது என்கிறார்கள்.

மக்கும் குப்பையைத் தனியே எடுத்தால், காற்று இருந்தால் வாழும் நுண்ணுயிரிகள் அதைத் தின்று உரமாக்கும். அதையே பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைமேட்டில் புதைத்தால் உள்ளே காற்றுப் போகாது. அங்கே வேறு நுண்ணுயிரிகள் பெருகி மீத்தேன் வாயுவை உண்டாக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வலியது. அது எரியவும் எரியும். 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டில் பிடித்த தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின.

சிப்ஸ் பாக்கெட்டையும் சொல்ல வேண்டும், நீங்கள் அடிக்கடி வாங்குவது அது. அதன் உள்பக்கம் வெள்ளி போல மின்னுவது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் அது தடுக்கிறது. பல அடுக்குகளை ஒட்டிச் செய்திருப்பதால் அவற்றைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். அதனால் இந்தப் பாக்கெட்டுகளைச் சிமென்ட் ஆலைச் சூளைகளில் எரிபொருளாக்குகிறார்கள். எரித்துவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் திரும்பக் கிடைக்காது. வாங்காமல் இருப்பதே நல்ல வழி என்பது என் கருத்து.

மூன்றாவது வகையில்தான் கவனம் அதிகம் வேண்டும். பேட்டரி, டியூப் லைட், காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா எல்லாம் இதில் சேரும். பழைய வகை டியூப் லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. செல்போன் பேட்டரியில் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம். குப்பை வண்டியில் நசுங்கி அந்தப் படலம் கிழிந்தால் இரு முனைகளும் தொட்டுக்கொண்டு தீப்பிடிக்கும்.

நம் ஊர்களில் பெரும்பாலும் இயந்திரம் குப்பையைப் பிரிப்பதில்லை. தூய்மைப் பணியாளர்களின் கைகள்தான் பிரிக்கின்றன. உடைந்த கண்ணாடியும் பிளேடும் பையோடு பையாகப் போனால் வெட்டுப்படுவது அந்தக் கைகளில். அவற்றைக் கெட்டித் தாளில் சுற்றி, மேலே எழுதி, ‘இதில் கண்ணாடி இருக்கு’ என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

நாளைக் காலை வண்டி வரும்போது நீங்களே வாசலுக்குப் போங்கள். “அக்கா, எதை எதைத் தனியாத் தரணும்? பேட்டரியை என்னிக்கு வாங்குவீங்க?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தப் பட்டியலை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊர்ப் பெயரைக் குறிப்பிட மறக்காதீர்கள்.