மனித உடலின் சமநிலை

நிற்றல் என்பது தொழிலற்றிருத்தலே எனப் பலரும் கருதுவர். உடலியக்கத்தை ஆராய்ந்தோர் அவ்வாறு கொள்ளார். இரு கால்களில் நிமிர்ந்து நிற்பவன் கணந்தோறும் சாயத் தொடங்குகின்றான். வீழுமுன் தன்னைத் திருத்திக்கொள்கின்றான். இவ்விடையறாத திருத்தமே சமநிலை எனப்படுவது.

ஒரு பொருளின் நிறை முழுவதும் ஒரு புள்ளியிற் செறிந்துள்ளதாகக் கொள்ளலாம். அப்புள்ளி புவியீர்ப்பு மையமாகும். இத்தாலிய அறிஞர் பொரெல்லி, பலகையொன்றில் ஆளைக் கிடத்தி, அதனைக் கூர்விளிம்பின்மேற் சமன்செய்து மனித உடலின் மையத்தை அறிய முயன்றார். அவர் மறைந்தபின் 1680-81ஆம் ஆண்டுகளில் வெளிவந்த விலங்கியக்க நூலில் இதனைக் காணலாம். நிமிர்ந்து நிற்கும் வளர்ந்தோரில் இம்மையம் இடுப்பளவில், உயரத்தின் ஏறத்தாழ 55 சதவீதத்தில் அமைகின்றது. அதனூடாகச் செல்லும் நிலைக்குத்துக்கோடு, பாதங்களும் அவற்றிடைப்பட்ட நிலமும் அடங்கிய தாங்கு பரப்பினுள் விழும்வரை உடல் நிலைத்து நிற்கவியலும்.

மையம் தாழ்ந்தும் பரப்பு அகன்றும் இருப்பின் உறுதி மிகும். மல்லன் கால்களை அகற்றி முழங்கால் மடித்து நிற்பதும், ஒரு கையிற் சுமை தூக்கியவன் மறுபுறம் சாய்வதும் இவ்விதி பற்றியே. ஆயின் உறுதி ஒன்றே நோக்கமன்று. ஓட்டப்பந்தய வீரன் புறப்படுமுன் தன் மையத்தைத் தாங்கு பரப்பின் முன்னெல்லைக்குக் கொணர்கின்றான். விரைந்து இயங்க விரும்புவோன் உறுதியைச் சிறிது விட்டுக்கொடுத்தல் வேண்டும்.

நடையும் அத்தகையதே. உடல் முன்னோக்கிச் சரிய, முன்வரும் பாதம் அவ்வீழ்ச்சியைத் தடுத்து ஏந்துகின்றது. நடையின் ஒரு சுற்றில் ஏறத்தாழ 80 சதவீத நேரம் ஒரு பாதமே நிலத்தில் ஊன்றியிருக்கும்.

இனி, சாய்வை உடல் எவ்வாறு அறிகின்றது? கண், உட்செவி, தசைமூட்டுகளோடு பாதங்களின் உணர்ச்சி ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒன்று குறையின் ஏனையவை ஓரளவு ஈடுசெய்யும். முண்ணாண் நோயுற்றோர் சிலர் கண்ணை மூடியதும் தள்ளாடுதலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ரொம்பேர்க் எடுத்துக்காட்டினார். கால்கள் இழந்த உணர்ச்சிக்குக் கண் துணைநின்றமை இதனாற் புலனாயிற்று. உட்செவியின் சமநிலை உறுப்பை ஆராய்ந்த பாரானி 1914ஆம் ஆண்டுக்குரிய நோபெற் பரிசு பெற்றார்.

முதுமையில் இம்மூன்றும் ஒருங்கே மங்குகின்றன. தசைகளும் விரைவு குன்றுகின்றன. கால் தடுக்கியவுடன் இளைஞன் எடுத்துவைக்கும் அடியை முதியோர் உரிய வேளையில் வைக்க இயலாது போகின்றது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் வீழ்ந்து இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவருள் பெரும்பாலோர் முதியோராவர்.

வீழ்ச்சியை விதியென விட்டுவிடல் தகாது. ஊன்றுகோல் தாங்கு பரப்பை அகலச் செய்வதோடு, நிலத்தின் செய்தியைக் கைக்கும் உணர்த்துகின்றது. கால்களுக்கு வலிமையும் உடலுக்குச் சமநிலையும் அளிக்கும் பயிற்சிகள் வீழ்ச்சியைக் குறைப்பதும் ஆய்வுகளாற் றெளிந்த உண்மை. கோல் ஊன்ற நாணும் பெரியோருக்கு இதனை எடுத்துரைத்தலும், இருள் சூழ்ந்த படிக்கட்டில் விளக்கொன்று வைத்தலும் இளையோர் கடனாகும்.