கோழி எருவும் மீன் பேனும்

நாமக்கல் பக்கம் பண்ணைக்குட்டை வைத்திருப்பவருக்கு எருவுக்குப் பஞ்சமில்லை. முட்டைக்கோழிப் பண்ணைகள் சுற்றிலும் இருக்கின்றன. எரு இட்டால் குட்டையில் மிதவை உயிரிகள் பெருகும், கட்லாவும் ரோகுவும் கொழுக்கும். ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 500, 600 கோழிகளின் எச்சம் போதும் என்பது கோழியும் மீனும் சேர்த்து வளர்ப்பதற்கான பரிந்துரை. மலிவாகக் கிடைக்கிறதே என்று லோடு லோடாகக் கொட்டுவதில்தான் வினை. அழுகும் எரு இரவோடிரவாக நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், அம்மோனியா ஏறும். விடியலில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அப்படி நலிந்த மீன்தான் நோய்க்கு வசதி.

பெரும்பாலும் முதலில் தெரிவது மீன் பேன், அதாவது ஆர்குலஸ். பேன் என்றாலும் பூச்சியல்ல. இறால், நண்டு வகையறா. தட்டையாக மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் குத்தி இரத்தம் உறிஞ்சும். ரோகுவை அதிகம் தாக்கும். அரிப்புத் தாங்காமல் மீன் உரசும், துள்ளும், தீவனம் எடுக்காது. குத்திய புண் வழியே ஏரோமோனாஸ் பாக்டீரியா புகுந்தால் உடம்பெல்லாம் சிவந்த புண்ணாகி மீன் செத்து மிதக்கும்.

பலர் மாட்டு உண்ணிக்கு அடிக்கும் டெல்டாமெத்ரினைக் குட்டையில் ஊற்றுகிறார்கள். பேன் சாகும், முட்டை தப்பிவிடும். மீனுக்கு இரையான மிதவை உயிரிகளும் கூடவே அழியும். இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பொரித்து மறுபடி பேன். பெண் பேன் மீனை விட்டு இறங்கி, கெட்டியான பரப்பில்தான் முட்டையிடும். ஆகவே குட்டையில் மூங்கிலோ பலகையோ ஊன்றி, வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் காயப்போட்டால் முட்டை கருகிவிடும். இதை மருந்துக்கடையில் சொல்ல மாட்டார்கள், விற்க ஒன்றுமில்லையே!

பேன் மீன்குஞ்சோடும் வலையோடும் வந்து சேரும். மேட்டூர் அரசுப் பண்ணைக் குஞ்சானாலும் தனியார் குஞ்சானாலும், லிட்டருக்கு 30 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஓரிரு நிமிடம் முக்கியெடுத்து விடுவது நல்லது. அடுத்தவர் குட்டையில் இழுத்த வலையை உலர்த்தாமல் இறக்கக் கூடாது. திலேப்பியா வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2014இல் இஸ்ரேலில் கண்டறியப்பட்ட திலேப்பியா ஏரி வைரஸ் 2018இல் இந்தியாவிலும் பதிவானது; அதற்கு மருந்தே இல்லை. உரிமம் பெற்ற பொரிப்பகத்துக் குஞ்சு மட்டும் வாங்குங்கள்.

காலையில் மீன் மேலே வந்தால் அன்றே எருவையும் தீவனத்தையும் நிறுத்திப் புது நீர் பாய்ச்சுங்கள். புண் கண்டால் மருந்துக்கடைக்கு ஓடாமல், நோயுற்ற மீன் இரண்டை உயிரோடு எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.