உங்களுக்குத் தெரியுமா? எண்ணைப் பாட்டாக்கும் பெட்டி

சீடியிலும் கைபேசியிலும் பாட்டு பாட்டாக இல்லை. வெறும் எண்களாகக் கிடக்கிறது. அந்த எண்களை மின் அலையாக்கி ஸ்பீக்கருக்கு வழி அனுப்புவதுதான் 'டாக்' எனும் மாற்றி. உங்கள் கைபேசிக்குள்ளும் ஒன்று இருக்கிறது. தனிப் பெட்டியாக வாங்கப் போனால் விலைக்கு மேல் எல்லை இல்லை. பிரிட்டனின் கோர்ட் நிறுவனத்து 'டேவ்' 2015இல் வந்தபோதே சுமார் 8,000 பவுண்!

சீடி, வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளக்கிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்று; இதைத்தான் 16 பிட் என்பார்கள். அதென்ன 44,100? தொடக்கத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். அந்தப் படத்தின் கோடுகளுக்குள் கச்சிதமாக அடங்கிய எண் அது.

சீடியை உருவாக்கிய இரு நிறுவனங்களில் பிலிப்ஸ், 14 பிட் போதும் என்றது. சோனி 16 கேட்டது. கேட்டதைப் பெற்றும் விட்டது. பிலிப்ஸின் கையில் தயாராக இருந்ததோ 14 பிட் சிப். விட்டார்களா? அதையே நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி, இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளி, 16 பிட்டின் வேலையை வாங்கிவிட்டார்கள். 1982 ஒக்டோபர் 1ஆம் திகதி ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சீடிபி-101இல் முழு 16 பிட் இருந்தது. ஆனால் இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே மாற்றிதான், மாறி மாறி உழைத்தது. இன்றைய சிப்புகளில் பெரும்பாலானவை பிலிப்ஸின் அந்த அவசர உபாயத்தின் பேரப்பிள்ளைகள்.

2020 ஒக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்கா நகரில் டாக் சிப் செய்யும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தது. உலகெங்கும் டாக் செய்பவர்கள் சிப்புக்கு அலைந்தார்கள்.

பெட்டியில் '24 பிட்' என்று அச்சிட்டிருக்கும். கணக்குப்படி அது 144 டெசிபல். மிகச் சிறந்த சிப்பும் அதை எட்டாமலே நின்றுவிடுகிறது. மின்தடைகளின் சூடே இரைச்சலாகிவிடும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரியில், தகரக் கூரைக்குக் கீழே சீடியின் 96 டெசிபலே அதிகப்படி.

அதே இரத்தினபுரியில், கல் பார்க்கத் தெரிந்தவர் விளக்கு வெளிச்சத்தில் நீலக்கல்லுக்கு விலை சொல்லமாட்டார். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். இரண்டு டாக்குகளை ஒப்பிடும்போது அந்தப் பகல் வெளிச்சம், இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துவது. வழக்கமான வெளியீடு 2 வோல்ட். சில கருவிகள் 4 வோல்ட்டும் அதற்கு மேலும் தரும். கொஞ்சம் உரக்கப் பாடுவதைக் காது 'தெளிவு' என்றே எடுத்துக்கொள்ளும். மீட்டர் வைத்துச் சமப்படுத்தாமல் "இதில் பாஸ் கூடுதல்" என்பவர், டியூப் லைட்டுக்குக் கீழே கல் வாங்கியவர்தான்.

2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தி முடிவை வெளியிட்டார்கள். உயர்தர ஒலி ஒன்று. அதையே சீடி அளவுக்குக் குறைத்தது இன்னொன்று. எது எது என்று காட்டாமல் 554 தடவை கேட்கவைத்தார்கள். சரியாகச் சொன்னது 276 தடவை. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய இதே விடைதான்.

லயத்து வீட்டில் மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு எட்டியது ஏறத்தாழ 4,500 ஹேர்ட்ஸ் வரைதான். சீடி 20,000ஐத் தொடும். அதற்காகப் பழைய பாட்டை 24 பிட் கோப்பாக வாங்கினால், அன்று பதிவாகாதது இன்று முளைக்காது.

என் கணக்கு இது: கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்கு, மிச்சம் டாக்குக்கு. 9 டொலருக்கு வந்த ஆப்பிளின் சின்னஞ்சிறு ஹெட்போன் இணைப்பிக்குள் இருக்கும் மாற்றியே சீடிக்குத் தேவையானதைத் தந்துவிடுகிறது.

எதை வாங்கினாலும், சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் கறுக்கத் தொடங்கியதுமே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் மின்னல் விடாது. ரவுட்டரிலிருந்து வரும் கம்பியையும் மறக்காதீர்கள்.