பாக்டீரியாவின் பேச்சைக் கெடுக்கும் பாசி

கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் உண்டு. அந்த நீரில் எதை இறக்கினாலும், கல்லோ பலகையோ படகின் அடிப்பாகமோ, சில மணி நேரத்திலேயே பாக்டீரியா வந்து ஒட்டத் தொடங்கிவிடும். ஓரிரு நாளில் வழவழவென்று ஒரு படலம் படியும். அந்தப் படலத்தைப் பிடித்துக்கொண்டு நுண்பாசிகள் ஏறும். அவற்றுக்குப் பின்னால் கொட்டலசும் சிப்பியும் வரும். படகைக் கரையேற்றிச் சுரண்டி, திரும்பப் பெயின்ட் அடிக்கும் வேலை ஓயாமல் இருப்பது இதனால்தான்.

கடற்பாசியும் அதே நீரில்தான் ஆயுள் முழுக்க நிற்கிறது. தடித்த தோலோ, கிருமியைத் தேடிப்போய் விழுங்கும் வெள்ளை அணுக்களோ அதற்குக் கிடையாது. மேலே படலம் ஏறிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது. வெளிச்சம் போகாவிட்டால் உணவு தயாரிக்க முடியாது. அப்படியிருந்தும் சில பாசிகளை நீரிலிருந்து எடுத்துப் பார்த்தால், மேலே எதுவும் ஏறாமல் சுத்தமாக இருக்கின்றன. இது எப்படி என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகளில் ஆஸ்திரேலியப் பாசி ஒன்றின் விடையை நான் முதலில் வைப்பேன். அது பாக்டீரியாவைக் கொல்லாமலே தடுத்துவிடுகிறது.

அந்தப் பாசியின் பெயர் டெலிசியா புல்க்ரா. சிட்னியை ஒட்டிய பாறைகளில், சில மீட்டர் ஆழத்தில் வளரும் சிவப்புப் பாசி. மெல்லிய கிளைகள், ஒவ்வொரு கிளையும் மேலும் மேலும் நுணுகிப் பிரியும். இவ்வளவு நுணுக்கமான உடம்பில் ஒட்டுவதற்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் பக்கத்துப் பாசிகளை விட இது துலக்கமாக நிற்கும். 1977-இல், சிட்னியின் டீ வை பகுதியில் இயங்கிய ரோச் நிறுவனத்தின் கடல் மருந்தியல் ஆய்வகத்தைச் சேர்ந்த வேதியியலாளர்கள், இதிலிருந்து புரோமின் ஏறிய ஃபியூரனோன்கள் என்ற சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். பாசி அவற்றை எதற்காகச் செய்கிறது என்ற கேள்வியை 1990-களில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டாஃபன் ஷெல்லெபெர்க்கும் பீட்டர் ஸ்டைன்பெர்க்கும் அவர்களுடைய குழுவினரும் கையிலெடுத்தார்கள்.

கிளையின் ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால், மேற்பரப்பு செல்களுக்கு நடுவே பளபளக்கும் துளிகளை அடக்கிய சிறு சுரப்பி செல்கள் தெரியும். ஃபியூரனோன் சேர்ந்திருப்பது அங்கேதான். அங்கிருந்து அது கசிந்து பாசியின் மேற்பரப்பில் மிக மெல்லிய பூச்சாகப் பரவுகிறது. இளம் நுனிகளில் பூச்சு அதிகம், அடித்தண்டை நோக்கி வரவரக் குறைவு. சுற்றியுள்ள கடலில் கலந்தால் கரைந்து காணாமல் போய்விடும் அளவுதான். பாசியின் உடம்பை ஒட்டிய இடத்தில் மட்டும் அது போதுமான செறிவில் நிற்கிறது.

இதற்கான மூலப்பொருள் கடலிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரின் ஏறத்தாழ 19 கிராம், புரோமின் வெறும் 65 மில்லிகிராம். ஆனாலும் சிவப்புப் பாசிகள் அதிகம் கையாள்வது புரோமினைத்தான், ஏனென்றால் அதை வினைக்கு இழுப்பது எளிது. புரோமோபெராக்சிடேஸ் என்ற நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு புரோமினைக் கரிமச் சேர்மங்களில் ஏற்றிவிடுகிறது. ஹாலஜன்களை இப்படிப் பிடித்து வைக்கும் பாசிகளின் பழக்கத்தால் மனிதருக்கு முன்பே ஒரு கிருமிநாசினி கிடைத்திருக்கிறது. 1811-இல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தைக் கூடுதலாக ஊற்றியபோது எழுந்த ஊதா நிற ஆவிதான் அயோடின். அடிபட்ட முழங்காலில் டிங்சர் தடவிக்கொண்ட தலைமுறைக்கு அதன் எரிச்சல் நினைவிருக்கும்.

அயோடின் கண்ட கிருமியையெல்லாம் கொல்லும். ஃபியூரனோனின் வேலை வேறு. அதைப் புரிந்துகொள்ள, பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹவாய்க் கடலில் ஒரு குட்டிக் கணவாய் இருக்கிறது. அதன் வயிற்றுப் பக்கத்தில் ஓர் ஒளியுறுப்பு. அதற்குள் விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியா நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்து ஒளி விடுகிறது. மேலிருந்து விழும் நிலவொளிக்கு ஈடாகக் கீழே ஒளி இருப்பதால், கணவாயின் நிழல் கீழே இருக்கும் எதிரிக்குத் தெரியாது. அதே பாக்டீரியா கடல்நீரில் தனித்தனியாக மிதக்கும்போது ஒளிர்வதில்லை. காரணத்தைத் தேடிய ஹேஸ்டிங்ஸும் நீல்சனும் 1970-இல் ஒன்றைச் சொன்னார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு குறி மூலக்கூறைச் சிறுகச் சிறுக வெளியே விடுகிறது; கூட்டம் பெருகி, அந்தக் குறி ஒரு செறிவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து விளக்கைப் போடுகின்றன. நாளடைவில் இந்த முறை பல பாக்டீரியாக்களில் தென்பட்டது. நச்சை வெளியே விடுவது, கூட்டமாகப் படர்வது, படலம் கட்டுவது போன்ற வேலைகளையெல்லாம் அவை ஆள் சேர்ந்த பிறகே செய்கின்றன. நோயுண்டாக்கும் பாக்டீரியாவுக்கு இதில் பெரிய லாபம். போதுமான எண்ணிக்கை சேரும்முன் நச்சைக் காட்டினால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி உஷாராகிவிடும்.

பல பாக்டீரியாக்களில் இந்தக் குறி, ஒரு லாக்டோன் வளையமும் அதில் தொங்கும் கொழுப்பமில வாலும் கொண்ட மூலக்கூறு. டெலிசியாவின் ஃபியூரனோனும் வளையமும் வாலுமாகத்தான் இருக்கிறது, கூடுதலாகப் புரோமின் அணுக்களோடு. இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு சிட்னி குழுவும் டென்மார்க்கின் மைக்கேல் கிவ்ஸ்கோவும் சேர்ந்து 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செராஷியா என்ற பாக்டீரியாவை இளகிய அகர் தட்டின் நடுவே ஒரு புள்ளியாக வைத்தால், கூட்டமாக வழுக்கிக்கொண்டு தட்டு முழுவதும் படரும். ஃபியூரனோன் கலந்த தட்டில் அது வளர்ந்தது, பெருகியது, ஆனால் படரவில்லை. வைத்த இடத்திலேயே திட்டாக நின்றுவிட்டது. செத்துப்போயிருந்தால் இதில் புதுமை இல்லை. உயிரோடு இருந்தும் கூடிச் செயல்பட முடியாமல் போனதுதான் புதுமை. குறியை வாங்கிக்கொள்ளும் புரதத்தோடு ஃபியூரனோன் உறவாடும்போது அந்தப் புரதம் நிலைகுலைந்து சீக்கிரமே சிதைந்துவிடுகிறது என்று பிறகு தெரிந்தது. சேதி வந்தும் வாங்க ஆளில்லை.

அந்தத் தட்டில் ஊற்றியிருந்த அகரும் சிவப்புப் பாசியிலிருந்து வந்ததுதான். 1881-இல் ஃபேனி ஹெஸ்ஸே சமையலறையில் தாம் பயன்படுத்திவந்த அகரைப் பற்றித் தம் கணவருக்குச் சொல்ல, அது அவர் வழியாக ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்குப் போய் உலகெங்கும் பரவியது. மன்னார் வளைகுடாவில் நம் ராமநாதபுரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் ஆலைகளுக்குத்தான் போகின்றன. நுண்ணுயிரியல் என்ற துறையே அந்த மாதிரிக் கைகளின் மேல் நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அவர்களுக்குக் கிடைக்கும் கூலியில் அது தெரிவதில்லை.

மருத்துவத்துக்கு இதில் என்ன இருக்கிறது? சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பாக்டீரியா தீக்காயத்திலும், சிறுநீர்க் குழாய்களிலும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலிலும் படலம் கட்டிக் குடியேறும். படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியா, தனியாக மிதப்பதை விட 1,000 மடங்கு வரை ஆன்டிபயாடிக்கைத் தாங்கும். பாசியின் ஃபியூரனோனை முன்மாதிரியாக வைத்துச் செயற்கையாகச் செய்த சி-30 என்ற சேர்மத்தைக் கொடுத்தபோது அந்தப் படலம் தளர்ந்தது, டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசிந்தது. நுரையீரலில் சூடோமோனாஸ் தொற்றிய எலிகள் சி-30 கொடுத்ததும் கிருமியை வேகமாக வெளியேற்றின. 2003-இல் வெளியான இந்த முடிவுகள் ஆய்வுலகைப் பரபரப்பாக்கின.

அதற்குப் பிறகும் மருந்துக்கடையில் ஃபியூரனோன் மாத்திரை கிடைக்கவில்லை. புரோமின் ஏறிய இந்தச் சேர்மங்கள் வினைத்திறன் மிகுந்தவை. நோயாளியின் செல்லையும் விட்டுவைப்பதில்லை, அளவு கூடினால் நஞ்சு. கொல்லாத மருந்துக்கு எதிர்ப்புத்திறன் உருவாகாது என்ற நம்பிக்கையும் முழுதாக நிற்கவில்லை. சி-30-ஐ உள்ளே வந்த வேகத்தில் வெளியே இறைத்துவிடும் சூடோமோனாஸ் வகைகள் இருப்பதை 2012-இல் காட்டினார்கள். இருந்தாலும் இந்த வழியைக் கைவிடக் கூடாது. கொல்லும் மருந்தில் தப்பிய பாக்டீரியாவுக்கு இடம், உணவு எல்லாம் சொந்தமாகிவிடும். வாயடைக்கும் மருந்தில் அந்த உடனடி லாபம் அவ்வளவு இல்லை.

எனக்கு அருகில் தெரியும் பயன், மாத்திரையை விட இறால் தொட்டி. மரக்காணம் பக்கம் இறால் ஹேச்சரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒளிரும் விப்ரியோ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இரவில் விளக்கை அணைத்ததும் தொட்டிநீரில் குஞ்சுகள் மங்கலாக ஒளிர்ந்தால், விப்ரியோ ஹார்வேயி ஏறிவிட்டது என்று பொருள். பிறகு குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் சாகும். இந்தப் பாக்டீரியாவும் ஆள் சேர்ந்த பிறகே ஒளியும் நச்சும் விடுவது. ஃபியூரனோன் இரண்டையும் அடக்குவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இறால் குஞ்சுக்கு இரையாகும் ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிரை விப்ரியோ ஹார்வேயியிடமிருந்து அது காப்பாற்றியும் இருக்கிறது. காக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறுகலாக இருப்பதுதான் இங்கேயும் சிக்கல். ஹேச்சரியில் ஆன்டிபயாடிக்கைக் கொட்டுவதால் வரும் கேட்டை நினைத்தால், அந்த இடைவெளியை அகலப்படுத்தும் ஆய்வுக்குச் செலவிடும் காசு வீண்போகாது.

நம் கல்லூரிகளில் கடற்பாசி ஆய்வு என்றால் பெரும்பாலும் நடப்பது வேறொன்று. பாசியைக் காயவைத்து அரைத்து, மெத்தனாலிலோ அசிட்டோனிலோ ஊறவைத்து, அந்தச் சாற்றைக் காகிதவில்லையில் ஊற்றி, பாக்டீரியா தட்டில் வைத்து, சுற்றிலும் விழும் தெளிந்த வட்டத்தை ஸ்கேலால் அளப்பார்கள். வட்டம் விழுந்தால் கட்டுரை தயார். ஆரம்பச் சோதனையாக இது சரிதான். ஆனால் மருந்து என்று பேசப்படும் சேர்மம் மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்ய வேண்டும்; மில்லிகிராம் கணக்கில் கொட்டினால் எத்தனையோ பொருட்களுக்கு வட்டம் விழும். அதைவிட முக்கியம், டெலிசியாவின் ஃபியூரனோனைக் குறைந்த அளவில் இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் வட்டமே விழாது. அது கொல்வதில்லையே! கொல்வதை மட்டும் அளக்கும் சோதனையில் இப்படி எத்தனை சேர்மங்கள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

சாறு பாசியின் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதும் அரைத்தவுடன் மறைந்துவிடும். ஃபிஜித் தீவுகளின் காலோஃபைகஸ் செராட்டஸ் என்ற சிவப்புப் பாசி, பூஞ்சையைத் தடுக்கும் புரோமோஃபைக்கோலைடுகளை உடம்பு முழுக்கப் பூசிக்கொள்வதில்லை. மேற்பரப்பில் அங்கங்கே திட்டுத்திட்டாக மட்டும் அவை குவிந்திருப்பதை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. மொத்தமாக அரைத்தால் இந்த விவரம் கையைவிட்டுப் போகும்.

பருவமும் அப்படியே. சிட்னி பக்கம் கோடையில் டெலிசியா வெளிறி நோயுறுவதைக் கவனித்த ஆய்வாளர்கள், அதைச் செயற்கைக் கடல்நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். நீரில் புரோமினைச் சேர்க்காமல் விட்டால் பாசியால் ஃபியூரனோன் செய்ய முடியாது. அப்படி வெறுங்கையாக நின்ற பாசிகள் வெதுவெதுப்பான நீரில் பாக்டீரியா தாக்கி வெளிறின. ஃபியூரனோன் உள்ளவை தாக்குப்பிடித்தன. இயற்கையிலோ, நீர் சூடேறும் மாதங்களில் பாசியின் ஃபியூரனோன் அளவே குறைந்துபோகிறது.

ஒரே இனத்தை இரண்டு ஆய்வகங்கள் சோதித்து, ஒன்று நல்ல பலன் என்றும் மற்றொன்று பலனில்லை என்றும் எழுதும்போது யாரையும் குறை சொல்லத் தேவையில்லாமல் இருக்கலாம். மண்டபம் கடற்கரையில் ஜனவரியில் அள்ளிய பாசியும் மே மாதத்தில் அள்ளிய பாசியும் வேதியியல்படி ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சாற்றுப் புட்டியில் இனத்தின் பெயரோடு, அள்ளிய தேதி, இடம், ஆழம், அன்றைய நீரின் வெப்பநிலை, நுனியா தண்டா என்பதையும் எழுதி ஒட்டுவதற்கு ஒரு பேனாவும் ஒரு வெப்பமானியும் போதும்.