பனடோலும் பிரிட்டோனும் ஒரே பையில்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மாத்தளை மலைப்பக்கங்களில் பல குடும்பங்களைக் காணியையும் வீட்டையும் விட்டு வெளியேற வைத்தன. சேறு அள்ளியவர்களுக்கு உடம்புவலி. ஈரச்சுவர்ப் பூஞ்சணத்தின் நடுவே படுத்தவர்களுக்குத் தும்மலும் தோல் கடியும். அப்படி ஒரு தற்காலிகக் கொட்டிலில் ஒரு தாய் சிறிய பொலித்தீன் பை ஒன்றை அவிழ்த்துக் காட்டினார். வெள்ளையும் மஞ்சளுமாக உதிரிக் குளிசைகள். “பனடோலையும் பிரிட்டோனையும் சேர்த்துக் குடிக்கலாமா?” என்று கேட்டார்.

குடிக்கலாம். பனடோல் கம்பனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்து பரசிட்டமோல். அது வலியையும் காய்ச்சலையும் குறைக்கும். பிரிட்டோனில் இருப்பது குளோர்பெனிரமின். தும்மல், மூக்கு ஒழுகுதல், கடி போன்ற ஒவ்வாமைத் தொல்லைகளைத் தணிக்கும். ஒன்றின் வேலையில் மற்றது குறுக்கிடுவதில்லை. செட்டிரிசின், லொராட்டடின் ஆகியவற்றையும் பரசிட்டமோலோடு எடுக்கலாம்.

ஆபத்து வருவது மூன்றாவது குளிசையில். கடைகளில் விற்கும் தடிமன் குளிசைகள் பலவற்றில் பரசிட்டமோலும் ஒவ்வாமை மருந்தும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. சாதாரண பனடோல் குளிசை ஒன்றில் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்துக்கு 4,000 மில்லிகிராம், அதாவது 8 குளிசைகளே எல்லை. இரண்டு இரண்டாக நான்கு தடவை குடித்தவர், 500 மில்லிகிராம் கலந்த தடிமன் குளிசையையும் மூன்று வேளை குடித்தால் 5,500 ஆகிவிடும். மிகையான பரசிட்டமோல் ஈரலைக் கெடுக்கும். முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் அதில் உள்ள கொடுமை. அளவு மீறிவிட்டதென்று தெரிந்தால், சுகமாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாற்று மருந்து முதல் 8 மணித்தியாலத்துக்குள் கிடைத்தால் நல்ல பலன் தரும். மெலிந்தவர்களுக்கும் நாளாந்தம் மது அருந்துவோருக்கும் 8 குளிசையே அதிகம்.

ஆகவே பெட்டியில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். மருந்தை அதன் உண்மைப் பெயரால் அறிய வேண்டும் என்று இந்நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. அவர் 1977இல் மறைந்தார்; நாமோ இன்னும் கம்பனிப் பெயரைச் சொல்லித்தான் குளிசை வாங்குகிறோம்.

இனி, வலிக்குளிசை எல்லாம் பனடோல் அல்ல. இபுபுரோபன், டைக்குளோபெனாக் என்பன வேறு இனம். காய்ச்சல் இருக்கும்போது இவற்றைத் தொடவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். எலிக்காய்ச்சலாக இருந்தால், நோயால் ஏற்கெனவே தாக்கப்பட்ட சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. 2008இல் நாடெங்கும் எலிக்காய்ச்சல் பரவியபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று என்பதை வயலில் இறங்குவோர் மறக்கலாகாது. வில்கமுவப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் உண்டு. அங்கே இக்குளிசைகளை டாக்டர் சொல்லாமல் எடுப்பது இன்னும் கூடாது. சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், பனடோலால் அடக்கிக்கொண்டு வீட்டில் கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வயலில் இறங்கியதையும் சொல்லட்டும்.

பிரிட்டோன் தூக்கத்தைக் கொண்டுவரும். அதைக் குடித்துவிட்டு ஏணி வைத்து மிளகு பறிக்க ஏறுவதும், கை உழவு இயந்திரம் ஓட்டுவதும் விபத்துக்கு அழைப்பு. கசிப்போடு சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். சிறுநீர் தடைப்படும் முதியவர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் குளிசையை உடைத்துக் கொடுப்பது நம்மிடையே வழக்கம், அதை விட்டுவிடுங்கள். பிள்ளையின் நிறையைப் பார்த்தே அளவு சொல்லப்படுகிறது. பாணி மருந்தையும் வீட்டுத் தேக்கரண்டியால் அல்ல, போத்தலோடு வரும் அளவுக் கோப்பையால் ஊற்றுங்கள்.

உதடோ நாக்கோ வீங்கி மூச்சு முட்டினால் பிரிட்டோன் குடித்துவிட்டுக் காத்திருக்கும் நேரமல்ல அது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

அந்தத் தாயின் பைக்கு வருகிறேன். மஞ்சள் குளிசைகள் பிரிட்டோனாக இருக்கலாம். வெள்ளையில் எது பரசிட்டமோல், எது வேறு என்று எனக்குத் தெரியவில்லை. பாமசியில் இருந்தவரும் உறையில்லாமல் சொல்ல மாட்டேன் என்றார். எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டு, பெயர் அச்சிட்ட அட்டையோடு பத்துப் பரசிட்டமோல் வாங்கி வந்தோம்.